நாற்பது ஜோடிக் குரல்

அத்தியாயம் 14

போன வாரம் சிந்தியாவை அவளுடைய ஆபீஸ் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். "ஒரு வாரமா நிக்க வெச்சிருக்கீங்களே, அந்தப் பொண்ணுக்குக் கால் வலிக்காதா?" என்று கோலாரிலிருந்து ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். வலித்திருக்கும். ஆனால் அவளுக்குக் கால் ஞாபகமே இல்லை. பலகையில் எழுதியிருந்தது அவள் அம்மாவின் சீரியல் பெயர்.

புதிதாகச் சேர்ந்துகொள்கிறவர்களுக்காக நாலு வரி. சிந்தியாவின் அம்மா மௌரீன், பெங்களூர் மர்பி டவுன்காரி. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மார்க்கெட்டில் உருது என்று மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவள். தமிழில் எடுத்த ஒரு சீரியல், கன்னடத்தில் குரல் மாற்றி, ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் கோதாவரம்மா என்கிற மாமியாருக்குக் கன்னடக் குரல் மௌரீனுடையது. மண்டியாவிலும் ஹாசனிலும் மருமகள்கள் டிவியைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறார்கள் என்றால் அந்தப் பெருமை மௌரீனுக்குத்தான் சேரும். போன வருடம் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனது. நாலு மாதம் மைக் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். அதற்கு அப்புறம் பழையபடி போய் நின்றாள்.

இப்போது சேனல்காரர்களுக்கு வேறு யோசனை. கோதாவரம்மா பேசியதையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புகட்டி, அதே குரலில் மெஷினையே பேச வைத்தால் என்ன? ஆறு வருடத்துக்கு முன்னால் மௌரீன் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அதற்கும் ஒரு வரி இருந்ததாம். இருந்தாலும் திடுதிப்பென்று மாற்றிவிட மாட்டோம், ஐந்து பேரை உட்கார வைத்து இரண்டு குரலையும் கேட்கச் சொல்வோம், அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதுதான் என்று ஸ்டூடியோ மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள். ரொம்ப நியாயமான ஆட்கள்.

அதற்குக் குறித்த வெள்ளிக்கிழமை இன்றுதான். சோதனையை நடத்துகிற வைட்ஃபீல்ட் கம்பெனியில்தான் சிந்தியா மூன்று மாதமாக வேலை பார்க்கிறாள். பதினோரு மாதம் அலைந்து கிடைத்த வேலை. வீட்டில் கேட்டால் 'சவுண்ட் செக்கிங்' என்பாள். மெஷின் பேசியதைக் கேட்டு, எங்கே பிசகுகிறது என்று குறித்துக் கொடுக்கிற வேலை என்று விவரமாகச் சொன்னதில்லை. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

காலை ஏழரை மணிக்கு மௌரீன் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு வெந்நீர் ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். ரெக்கார்டிங் இருக்கிற நாளில் அவள் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த பழக்கம்.

"மௌரீன், இன்னிக்குத்தானே அந்த டெஸ்ட்டு?" என்றார் அவள் கணவர் ஆம்ப்ரோஸ். அவருக்குப் பொம்மசந்திராவில் மோட்டார் பாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. இந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட் என்பதால் லுங்கியோடு உட்கார்ந்து சாவகாசமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்.

துண்டுக்கு உள்ளேயிருந்து ஒரு விரல் மட்டும் வெளியே வந்து 'ஆமாம்' என்று ஆடியது.

"பாத்தியா சிந்தி? கர்நாடகாவையே மிரட்டுற பொம்பள, என்கிட்ட விரலால பேசுறா. ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்."

துண்டு பறந்து வந்து அவர் தோளில் விழுந்தது. மௌரீன் முகம் சிவந்து ஈரமாக இருந்தது. சிரித்தாள். அப்புறம் மெதுவாக, காற்றை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவள் மாதிரி பேசினாள்.

"கேக்கப் போறது மனுஷங்க. மனுஷங்க காதுல மனுஷக் குரலுதான் நிக்கும். எனக்கு இன்னா பயம்?"

"அப்படிச் சொல்லு. அந்த மெஷினு என்ன உன்ன மாதிரி மூணு பாஷைல திட்டுமா?"

"கோதாவரம்மா போயிட்டா எனக்கு வேற இன்னா இருக்குது, சொல்லுங்க? அதனால போவ மாட்டா" என்றவள், சிந்தியா பக்கம் திரும்பினாள். "நீ இன்னாடி முழிக்கிற? இட்லி உள்ள போவலியா?"

"ஒண்ணுமில்ல மம்மி. லேட்டாவுது."

சிந்தியா பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். சோதனை தன் ஆபீஸில்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக நினைக்கிறாள். வாயில் வந்து நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. சோதனையில் அவளுக்கு எந்தப் பங்கும் இல்லையே, வெளியிலிருந்து வருகிற ஐந்து பேர் கேட்கப் போகிறார்கள், நமக்கென்ன என்று அல்சூர் மெட்ரோ படியில் ஏறும்போது தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

பத்தரை மணிக்கு அந்தச் சமாதானம் போய்விட்டது.

"சிந்தியா, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டான் ரகுராம். அவளுடைய டீம் லீட். சேலத்துப் பையன், நல்லவன், எந்நேரமும் அவசரத்தில் இருப்பவன். "அஞ்சு பேர்ல ஒருத்தர் வரலை. கே.ஆர். புரத்துல டிராஃபிக்னு சொன்னார், அப்புறம் போனையே எடுக்க மாட்டேங்கறார். மத்தியானத்துக்குள்ள ரிசல்ட் வேணும். உங்களுக்குத்தான் கன்னடம் தண்ணி மாதிரி வருமே, நீங்க உக்காந்துடுங்க."

"நானா? நான் இங்க வேலை செய்யறவ ஆச்சே."

"அதுக்கு அனுமதி இருக்கு. நீங்க செக் பண்றது வேற குரல்கள், இந்த மெஷின் பக்கம் இதுவரைக்கும் வந்ததே இல்லையே, அது போதும். ஒரே ஒரு நிபந்தனைதான், அந்த ஃபார்ம்ல இருக்கு. படிச்சுட்டு டிக் பண்ணுங்க."

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, திரையைத் திறந்து காட்டிவிட்டு அவன் போய்விட்டான். ஃபார்மில் நிபந்தனை ஒரே வரியில் இருந்தது. 'நான் கேட்கப்போகும் குரலுக்கு உரியவர் எனக்கு உறவினரோ அறிமுகமானவரோ அல்ல.' அப்படி இருந்தால் எழுந்து போய்விட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் சோதனை செல்லாது, மறைத்தவருக்கு வேலையும் இருக்காது.

எழுந்து போயிருக்கலாம். ரகுராம் வேறு யாரையாவது பிடித்திருப்பான். அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் அம்மாவுக்கு ஒரு ஓட்டு போய்விடும் என்று நினைத்தாள். உள்ளே உட்கார்ந்தால் நாற்பது வசனமும் அம்மாவுக்கே. பெற்றவள் குரலைக் கண்டுபிடிக்க யாராவது சொல்லித்தர வேண்டுமா? செய்தது தப்பு, அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், டிக் செய்திருப்பேன்.

டிக் செய்தாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

நாற்பது வசனங்கள். ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு குரல் பேசும். ஒன்று மௌரீன், இன்னொன்று மெஷின். எது முதலில், எது பின்னால் என்று தெரியாது. 'கோதாவரம்மாவுக்கு எது பொருத்தம்?' என்று மேலே கேள்வி, கீழே இரண்டு பட்டன்கள்.

"ஈ மனேலி நான் ஹேளித்தே நடீபேக்கு." இந்த வீட்டில் நான் சொன்னதுதான் நடக்க வேண்டும் என்கிறாள் கோதாவரம்மா.

இரண்டும் கேட்டாள். முதல் குரலில் வசனம் கம்பீரமாகக் கிளம்பி, கடைசி வார்த்தைக்கு வரும்போது தேய்ந்து, லேசாகப் பிளந்தது. சிந்தியாவுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று மாதமாக அவள் குறித்துக் கொடுக்கிற பிசகே இதுதான். நீளமான வாக்கியத்தில் மெஷினுக்குக் கடைசியில் மூச்சு முட்டும். இரண்டாவது குரலில் அந்தக் கோளாறு இல்லை. அதோடு பேசுவதற்கு முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு இழுத்தது. மம்மி கோபப்படப் போகிறாள் என்பதை அவளும் அண்ணன் கிளெமென்ட்டும் சின்ன வயதில் அந்த மூச்சை வைத்துத்தான் தெரிந்துகொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடுவார்கள்.

இரண்டாவதை அமுக்கினாள். 

அடுத்தது, அதற்கு அடுத்தது என்று வேகமாகப் போனாள். சின்னச் சின்ன வசனங்களில் இரண்டும் ஒன்று போலவே இருந்தன, அங்கே குத்துமதிப்பாக அமுக்கினாள். நீள வசனம் வந்தால் சந்தேகமே இல்லை. பிளக்கிற குரலைத் தள்ளிவிட்டு, மூச்சு இழுக்கிற குரலைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அம்மாவைக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டது போல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. நாற்பது முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கேன்டீனுக்குப் போய், காலையில் விட்ட பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அதே நேரத்தில் மௌரீன் தொம்மலூர் ஸ்டூடியோவில் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்கு கோதாவரம்மா மருமகளை வீட்டைவிட்டு விரட்டுகிற காட்சி. வசனம் ஒரு பக்கத்துக்கு இருந்தது. நாராயணசாமி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஐந்தாவது தடவையாகக் கையை ஆட்டினார். ஆறு வருடமாக அவள் குரலைப் பதிவு செய்கிற என்ஜினியர் அவர்தான்.

"அம்மா, கடைசி வார்த்தை விழுதும்மா. இன்னொண்ணு போலாம்."

"தண்ணி குடிச்சுட்டு வரேன் சார்."

"குடிங்க. அவசரமே இல்ல."

அவசரம் இல்லை என்று அவர் சொன்னது பொய். மௌரீனுக்கு அது தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் இப்படி ஒரு பக்கத்தை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்து புளியோதரை சாப்பிடுவாள். இப்போது மூக்கால் இழுக்காதே, வாயால் வயிறு வரை மூச்சு எடு என்று ஆஸ்பத்திரியில் புதிதாகச் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் பேச வேண்டியிருக்கிறது. மூச்சை நினைத்தால் வசனம் மறக்கிறது, வசனத்தை நினைத்தால் மூச்சு போகிறது.

ஆறாவது தடவையும் விழுந்தது.

"பரவால்லம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் நாராயணசாமி. ஒரு வருடமாக இதைத்தான் சொல்கிறார். விழுகிற வார்த்தைகளைத் தூக்கி நிறுத்தி, பிளக்கிற இடத்தில் பழைய எபிசோடிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டி, டிவியில் யாருக்கும் தெரியாதபடி செய்துவிடுவார். மௌரீன் வெளியே வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"சார், டெஸ்ட்டுக்கு அனுப்பினதும் நீங்க சரி பண்ணதுதானே?"

 அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"கைவைக்காம பச்சையா அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா. மெஷினையும் பச்சையாத்தான் அனுப்புவாங்களாம். ஒரே தராசாம். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

மௌரீன் தலையை ஆட்டினாள்.  வீட்டில் யாரிடமும் அவள் இந்த ஒட்டு வேலையைப் பற்றி மூச்சு விட்டதில்லை. பழைய குரல் திரும்பி வந்துவிட்டது என்று ஆம்ப்ரோஸ் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அந்த மனிதரின் சந்தோஷத்தில் ஏன் மண்ணைப் போட வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு ரகுராம் சிந்தியாவின் மேஜைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"உங்க காது, காதுங்க! நாலு பேர் கேட்டாங்க. ரெண்டு பேர் அந்தம்மா பக்கம், ரெண்டு பேர் நம்ம பக்கம், கிட்டத்தட்ட சமம். நீங்கதான் முடிவே பண்ணினீங்க."

சிந்தியா சிரித்தாள். அத்தனையும் அம்மாவுக்கே விழுந்ததைப் பார்த்துச் சந்தேகப்படுவானோ என்று மட்டும்தான் நினைத்தாள்.

"எவ்வளவு வந்தது?"

"முப்பத்தொண்ணு மெஷினுக்கு, ஒம்போது அந்தம்மாவுக்கு."

"தப்பாப் பாத்திருக்கீங்க."

"தப்பா? நாலு தடவை பாத்தாச்சு. அந்த மூச்சைக் கவனிச்சீங்களா, கோவம் வர்றதுக்கு முன்னாடி மூக்குல இழுக்கறது? ஆபரேஷனுக்கு முந்தின அஞ்சு வருஷ ரெக்கார்டிங்கை மட்டும் குடுத்து, அதுல இருந்து அந்த மூச்சைப் பிடிக்கவே ரெண்டு மாசம் ஆச்சு. அந்தம்மாவுக்கே இப்ப அது வர்றதில்லை, பாவம். கடைசி வார்த்தையெல்லாம் உடைஞ்சு போகுது."

அவன் இன்னும் ஏதோ சொன்னான். சிந்தியாவின் காதில் விழவில்லை. அவன் போன பிறகு அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, மனிதக் குரல் என்று பெயர் எழுதியிருந்த கோப்பைத் திறந்து முதலிலிருந்து கேட்டாள். உடைகிற குரல், தேய்கிற குரல், வாயால் காற்றை அள்ளிக்கொண்டு அடுத்த வார்த்தைக்குத் தாவுகிற குரல். எவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசுகிறாள் மம்மி! ஆறாவது வசனத்தில் ஒரு இடத்தில் வார்த்தையே வரவில்லை, வெறும் காற்று வந்தது. காலையில் இதே குரலைக் கேட்டுத் தான் சிரித்தது சிந்தியாவுக்கு ஞாபகம் வந்தது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

ஒரு வருடமாகத் தினமும் அந்தக் குரலோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். வீட்டில் மௌரீன் மெதுவாகப் பேசுவாள், கொஞ்சமாகப் பேசுவாள், சில நாள் விரலாலேயே பேசுவாள். டிவியில் வந்தது நாராயணசாமி ஒட்டிக் கொடுத்தது. மகளின் மனசில் இருந்தது என்னவோ பழைய மம்மியின் குரல்தான். அதைத்தான் நாற்பது ஜோடியிலும் தேடினாள். அது மெஷினிடம் இருந்தது.

மூன்றரைக்கு அவள் ரகுராமின் அறைக் கதவு வரை போனாள். 'நான் அந்த அம்மாவின் பெண்' என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், சோதனை செல்லாது. வேலை போகும். கூடவே, எப்படித் தப்பாக அமுக்கினாய் என்று எல்லோரும் கேட்பார்கள். ரகுராம் போனில் இருந்தான், ஐந்து நிமிஷம் என்று கையைக் காட்டினான். அந்த ஐந்து நிமிஷத்தில் அவளுக்கு இருந்த தைரியமும் போய்விட்டது. நாலு மணிக்கு ரிப்போர்ட் சேனலுக்குப் போனது.

ஆறே முக்காலுக்கு அவள் வீட்டுக்குள் வந்தபோது ஆம்ப்ரோஸ் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். மௌரீன் சமையலறைத் தரையில் முறத்தைப் போட்டுக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவி அணைந்திருந்தது.

"வந்துட்டியா. டீ பிளாஸ்க்குல இருக்குது, ஊத்திக்க."

"இன்னா ஆச்சு மம்மி?"

"போச்சு."

சிந்தியா செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேனேஜர் பேப்பரைக் கையில வெச்சிக்கினு படிச்சுக் காட்டினாரு" என்றாள் மௌரீன். தலையை நிமிர்த்தவில்லை. "நியாயமா நடந்துதுன்னு எனக்குத் தெரியணுமாம். அஞ்சு பேராம். நாலு பேரு பாதிப் பாதி. அஞ்சாவது ஒரு பொண்ணாம். முப்பத்தொண்ண மெஷினுக்குப் போட்டுட்டா. பேரு சொல்ல மாட்டாங்களாம்."

"மம்மி..."

"அவளுக்கு என் மேல இன்னாடி கோவம்? ஒரு நாளாவது என்னப் பாத்திருப்பாளா?" மீனின் தலையைக் கிள்ளிப் போட்டாள். "இன்னும் கேளு. மெஷினுக்குப் பேச வருதாம், அழ வரலியாம். திங்கக்கெழம கையெழுத்துப் போட்டுட்டு, நாலு நாளு வந்து அழுதுட்டுப் போங்கறாரு. புருஷன் செத்தா அழறது, சும்மா நடிச்சு அழறது, சத்தம் வராம அழறது. லிஸ்டே குடுத்துட்டாரு. அதையும் வாங்கிக்கினா அப்புறம் என்னக் கூப்பிட வேண்டிய வேலையே இல்ல பாரு."

"நீ போவாத."

"போவாம? வேற யாரு கூப்பிடறாங்க என்ன?"

இதற்கு மேல் சிந்தியாவால் அடக்க முடியவில்லை.

"மம்மி, அந்தப் பொண்ணு நான்தான்."

மௌரீன் இன்னும் இரண்டு மீனை ஆய்ந்தாள். அதற்கு அப்புறம்தான் கை நின்றது.

"எந்தப் பொண்ணு?"

"அஞ்சாவது. அந்த டெஸ்ட்டு எங்க ஆபீஸ்லதான் நடந்துது. ஒருத்தரு வரலன்னு என்ன உக்கார வெச்சாங்க. சொந்தம்னா உக்காரக் கூடாது. நான் மறைச்சிட்டேன். உனக்குப் போடணும்னுதான் உக்காந்தேன் மம்மி, சத்தியமா. நீதான்னு நெனச்சு நெனச்சுத்தான் அமுக்கினேன்."

"முப்பத்தொண்ணுலயும் நான்னு நெனச்சா?"

"ஆமா."

"என் குரலு?"

"அது மெஷின்னு நெனச்சேன். கடைசில உடையுதுல்ல, அதனால..." என்று அழுதாள்.

மௌரீன் மகளையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று சிந்தியா காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ஒரு வருஷமா இந்த வீட்டுல உங்கிட்டப் பேசிக்கினு இருக்கறது யாருடி?"

  அப்போது முறத்துக்குப் பக்கத்தில் தரையில் இருந்த போன் அடித்தது. மௌரீன் மீன் கையோடு முழங்கையால் அதைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள். டப்பிங் கலைஞர்கள் சங்கச் செயலாளர் ஓஸ்வால்ட்.

"சிஸ்டர், ஒரு நல்ல சேதி! அந்தக் கம்பெனி ரூல்ஸ் முழுசாப் படிச்சுட்டேன். கேட்டவங்க அஞ்சு பேர்ல ஒருத்தர் உங்களுக்குச் சொந்தமோ, தெரிஞ்சவங்களோ இருந்தாக்கூடப் போதும், டெஸ்ட்டு செல்லாது. திரும்ப நடத்தணும். அதுக்குள்ள உங்க தொண்டைய சரி பண்ணிக்கலாம், ஃபைலைச் சரி பண்ணி அனுப்பணும்னு நாம சண்டை போடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வைட்ஃபீல்ட் பக்கம் வேலை பாக்கற ஆளு யாராவது? நம்ம சர்ச்சு ஜனம் யாராவது? ஒரு பேரு குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்."

சிந்தியா முகத்தைத் துடைத்துக்கொண்டு முட்டி போட்டபடி அம்மாவின் அருகில் வந்தாள். சொல்லு என்று சைகை செய்தாள். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். என் பேரைச் சொல்லு மம்மி, வேலை போனால் போகட்டும்.

மௌரீன் அவளைப் பார்த்துக்கொண்டே போனுக்குப் பதில் சொன்னாள்.

"இல்ல பிரதர். அங்க என்னத் தெரிஞ்சவங்க யாருமே இல்ல."

"நல்லாத் தெரியுமா சிஸ்டர்? திங்கக்கெழம காலைல பத்து மணி வரைக்கும்தான் டைம்."

"நல்லாத் தெரியும் பிரதர். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். சிந்தியா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மம்மி அப்படிச் சொன்ன? எனக்கு வேலை போனா வேற தேடிக்கறேன். நானே ஆபீஸுக்கு எழுதிடறேன். இப்பவே எழுதறேன்."

"எழுதினா இன்னா ஆவும் தெரியுமா?" மௌரீன் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டாள். "மௌரீனோட குரலு அவ வயித்துல பொறந்த பொண்ணுக்கே தெரியலன்னு ஊரு பூரா தெரியும். உங்க டாடிக்குத் தெரியும். இப்ப வேலை மட்டும்தான் போயிருக்குது சிந்தி. எழுதினன்னா எனக்கு ஒண்ணுமே மிச்சம் இருக்காது."

எழுந்து கை கழுவினாள். பாதி ஆய்ந்த மீனை ஃப்ரிட்ஜில் வைத்தாள். கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஸ்டூடியோ மேனேஜர் கொடுத்த லிஸ்ட் அது.

சிந்தியா மூடிய கதவுக்கு முன்னால் வந்து நின்றாள்.  அப்புறம் உள்ளேயிருந்து அழுகை கேட்டது. முதலில் அடங்கிய விசும்பல், பிறகு ஒரு நீண்ட ஓலம், அது நடுவில் அறுந்து மறுபடியும் விசும்பல்.

திங்கட்கிழமைக்குப் பழகுகிறாளா, நிஜமாகவே அழுகிறாளா? சிந்தியா காதைக் கதவோடு வைத்துக் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை.